அம்மாவைக் குதிரை ஆக்காதே!



சிங்கப்பூர்ல படிச்ச ரெண்டு வருஷமும் நான் தங்கினது தோ பாயோவில், ஒரு சீனக் குடும்பத்தோட அடுக்குமாடி வீட்டில் ஒரு வாடகை அறை. அப்பா, அம்மா, பாட்டி, அஞ்சு வயசுப் பொடியன். சீனர் வீடாச்சே, பையன் சீனத்தில் வெளுத்துக் கட்டுவான்னு நினைச்சுக்கிட்டுப் போனேன். அவன் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "டூ யூ லைக் டைனோசர்?"

அங்கே நிறைய வீட்டில் இதே கதைதான். வீட்டில் அதிகம் பேசுற மொழி ஆங்கிலம்னு சொன்னவங்க 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 32.3 சதவீதம். 2020-ல் அதுவே 48.3! பள்ளிக்கூடத்தில் பாடமெல்லாம் ஆங்கிலம். தாய்மொழி மட்டும் தனிப் பாடம். சீனப் பிள்ளைன்னா மாண்டரின் கட்டாயம். ஏழு வயசுல ஒண்ணாம் வகுப்பு. அந்த நாள் நெருங்க நெருங்க, நம்ம பொடியனோட அம்மாவுக்கு வயித்தைக் கலக்க ஆரம்பிச்சுது. ஆபீஸ்ல நாள் முழுக்க ஆங்கிலம் பேசுற அவங்களுக்கே மாண்டரின் கொஞ்சம் துருப்பிடிச்சுப் போயிருந்தது.

தினமும் ராத்திரி ஏழரை மணிக்கு சாப்பாட்டு மேசையில் வகுப்பு தொடங்கும். கையில் எழுத்து அட்டைகள்.

மாண்டரின்ல ராகம் மாறினா அர்த்தமே மாறிடும் பாஸ். 'மா'வை நீட்டி ஒரே சுருதியில் சொன்னா அம்மா. கேள்வி கேட்கிற மாதிரி மேலே தூக்கினா சணல். இறக்கி ஏத்தினா குதிரை. வெடுக்குனு இறக்கினா திட்டுறது! பையன் பாசமா அம்மாவைக் குதிரைன்னு கூப்பிடுவான். அம்மா திருத்துவாங்க. அவன் சணலுக்குப் போவான். பத்தாவது நிமிஷம் அழுகை.

எழுத்தாவது சுலபமான்னா, அது இன்னொரு மலை. சிலது மட்டும் ஜாலி. மரத்துக்கு ஒரு எழுத்து. அதையே ரெண்டு தடவை பக்கத்துல பக்கத்துல போட்டா தோப்பு. மூணு போட்டா காடு! அன்னிக்கு மட்டும் பையன் சிரிச்சான். மத்த நாளெல்லாம் எந்தக் கோட்டை முதல்ல போடணும், எதை அடுத்துப் போடணும்னு ஒரே டிரில்.

இத்தனை கூத்தையும் சோபாவில் உட்கார்ந்து பாட்டி பேசாம பார்த்துக்கிட்டிருப்பாங்க. அவங்க மொழி ஹொக்கியன். அதுவும் சீன மொழிதான், ஆனா மாண்டரின் மட்டும் தெரிஞ்சவருக்கு அது புரியாது. 1979-ல் லீ குவான் யூ 'மாண்டரின் பேசுங்கள்' இயக்கத்தைத் தொடங்கி வெச்சார். (வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த அவரே மாண்டரினைப் பெரியவரான பிறகு மெனக்கெட்டுக் கத்துக்கிட்டவர்தான்.) அடுத்த சில வருஷங்கள்ல டிவியிலிருந்து ஹொக்கியன் நிகழ்ச்சிகளும் போயிடுச்சு. நம்ம பாட்டி டிவி பார்த்துப் பார்த்தே அரைகுறையா மாண்டரின் கத்துக்கிட்டாங்க. ஆங்கிலம் சுத்தமா வராது. அதாவது பேரனும் பாட்டியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், பேசிக்கிறதுக்குப் பொதுவா ஒரு மொழி இல்லை. நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா "ஜியா பா புவே?"ன்னு கேட்பாங்க. ஹொக்கியன்ல "சாப்ட்டியா?"ன்னு அர்த்தம். அவனைக் கேட்டா டைனோசரைக் காட்டுவான்.

ஒரு சனிக்கிழமை அம்மா ஊரில் இல்லை. பாட்டி அலமாரியிலிருந்து மாஜாங் பெட்டியை இறக்கினாங்க. காய்களைக் கொட்டினதும் பையன் ஓடி வந்துட்டான். ஆட்டத்துக்கு நாலு பேர் வேணும். அப்பாவையும் என்னையும் இழுத்து உட்கார வெச்சாங்க. காசு கிடையாது, தோத்தவங்க பாத்திரம் கழுவணும்.

மாஜாங் காய்ல ஒரு வகையில் ஒண்ணுலேருந்து ஒன்பது வரைக்கும் சீன எழுத்திலேயே எண் இருக்கும். இன்னொரு வகையில் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. எழுத்தைப் படிக்கத் தெரியலைன்னா ஆட்டமே ஆட முடியாது. பாட்டி தன்னோட டிவி மாண்டரின்ல ஒவ்வொண்ணா சொல்ல, ரெண்டே வாரத்தில் பையன் எண்ணெல்லாம் படிச்சான். "துங், நான், சீ, பெய்"னு நாலு திசையும் வந்துடுச்சு. ஒருநாள் பாட்டி நைஸா ஒரு காயை மாத்தினதைப் பார்த்துட்டு, "நீ ஏமாத்துற!"ன்னு மாண்டரின்ல கத்தினான். அவன் தானா பேசின முதல் முழு வாக்கியம் அதுதான். பாட்டி கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க.

அம்மாவுக்கு முதல்ல கோபம். "சூதாட்டம் ஆடி மொழி படிக்கிறதா? அதுவும் காய்ல இருக்கிறது பழைய எழுத்து, ஸ்கூல்ல சுருக்கெழுத்து!" அவங்க சொன்னது நிஜம். பத்தாயிரத்துக்கான எழுத்துக்குப் பள்ளிக்கூடத்தில் மூணே கோடு, மாஜாங் காய்ல பெரிய சிக்கல் கோலம். பையன் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு, "ஸ்கூலோடது ஈஸி!"ன்னான். அம்மா கப்சிப்.

அப்புறம் ஏழரை மணி வகுப்பு பத்து நிமிஷமாச்சு. சனிக்கிழமை அப்பா எழுந்து அம்மாவுக்கு இடம் விட்டார். மேசையில் ஆங்கிலம் பேசினா ஒரு ரவுண்டு அவுட். அந்தச் சட்டத்தால அதிகம் அடிபட்டது நான்தான்!

பையன் இப்போ பள்ளிக்கூடம் போறான். மாண்டரின் டிக்டேஷன்ல அடிக்கடி கோட்டை விடுறானாம், அம்மா இன்னமும் புலம்புறாங்க. போன மாசம் வீடியோ காலில் பேசினேன். பின்னாடி பாட்டி சமையலறையிலிருந்து வந்தாங்க. பையன் போனை விட்டுட்டுத் திரும்பி, யாரும் சொல்லிக்கொடுக்காத ஹொக்கியன்ல அவங்களைக் கேட்டான்.

"ஜியா பா புவே?"