ஸ்விஸ்காரன் ரயிலும் தனியார் புராணமும்

நம்ம ஊட்டி ரயில் நஷ்டத்துல ஓடுதுன்னு பேச்சு வந்தாப் போதும், "ஸ்விட்சர்லாந்துல பாருங்க சார், எல்லாம் தனியார் கம்பெனி, ஜம்முன்னு ஓட்டறான்" என்று ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார். சரி சாமி, ஒரே ஒரு கம்பெனியைப் பார்ப்போம்.

பிரிக் - ஃபுர்கா - டிசென்டிஸ். ஆல்ப்ஸில் ரோன் பள்ளத்தாக்கையும் ரைன் பள்ளத்தாக்கையும் மீட்டர்கேஜில் இணைக்க, பிரெஞ்சுக்காரர் காசில் 1910-ல் தொடங்கியது. பனியாறு பார்க்க வரும் பணக்காரர்களிடம் அள்ளிவிடலாம் என்று கணக்கு. 1914-ல் பிரிக்கிலிருந்து க்ளெட்ஷ் வரை வண்டி ஓடியது. அதே வருஷம் உலகப்போர். டூரிஸ்டும் போச்சு, காசும் போச்சு. 1923-ல் திவால். மீதிப் பாதை அரைகுறையாகக் கிடந்தது.

காப்பாற்றினது யார்? மத்திய அரசும் கான்டன் எனப்படும் மாநிலங்களும் பணம் போட, 1925-ல் ஃபுர்கா-ஓபரால்ப் என்று புதுக் கம்பெனி. 1926-ல்தான் பாதை முழுசானது. அப்பவும் ஃபுர்கா உச்சிப் பகுதி பனிக்காலம் பூரா மூடல். ஸ்டெஃபன்பாக் ஓடையில் முதலில் கட்டிய பாலத்தைப் பனிச்சரிவு அடித்துக்கொண்டு போக, மூன்று துண்டாக மடக்கும் இரும்புப் பாலம் வைத்தார்கள். குளிருக்கு முன் மடக்கி, பனி போனதும் விரிக்கணும். மடக்குக் கட்டில் மாதிரி :-) இன்றைக்கும் அதேதான். இப்படி ஒரு பாதையில் எந்த எம்பிஏ வந்து லாபம் காட்டுவாராம்?

1940-42-ல் மின்மயம்: போர்க்கால ராணுவத் தேவை, ராணுவப் பணம். 1982-ல் 15.4 கி.மீ. சுரங்கம் திறந்தார்கள். முதலில் சொன்ன செலவு எட்டு கோடி ஃபிராங்குக்கும் கீழே. முடித்தபோது சுமார் முப்பது கோடி! அங்கேயும் பாராளுமன்றத்தில் ரகளைதான். பில்லைக் கட்டியது மக்கள் வரிப்பணம். ஆனால் குளிர்காலத்திலும் ரயில் வந்தது.

கைவிட்ட உச்சிப் பாதையை மீட்டது தன்னார்வலர்கள். 1947-ல் வியட்நாமுக்கு விற்ற பழைய நீராவி இன்ஜின்களை 1990-ல் திரும்பக் கொண்டுவந்து, 1992-லிருந்து 2010-க்குள் துண்டு துண்டாகப் பாதையைத் திறந்தார்கள். குன்னூர் மலையேறும் எக்ஸ் வகுப்பு நீராவி இன்ஜின்கள் பிறந்த அதே வின்டர்தூர் தொழிற்சாலை இன்ஜின்கள்தான் இவையும். அதே ஆப்ட் பல்சக்கர முறை. "பாத்தீங்களா, அரசாங்கம் இல்லாம நடந்திருக்கே" என்பீர்கள். ஐயா, லீவு போட்டுக் கூலியில்லாமல் தண்டவாளம் போட்டவர்களை லாபக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவீங்க?

2003-ல் இது ஜெர்மாட் ரயிலோடு சேர்ந்து மேட்டர்ஹார்ன் கோட்டார்ட் ஆனது. வண்டி ஓட்டும் கம்பெனியில் பெரும்பங்கு ஒரு ஹோல்டிங் கம்பெனிக்கு, ஒத்துக்கறேன். ஆனால் தண்டவாளம், சுரங்கம், பாலமெல்லாம் தனிக் கம்பெனி. அது மத்திய அரசு, கான்டன்கள் கையில். நம்மவர்கள் போஸ்டரில் இந்தப் பாதி மட்டும் எப்பவும் காணாமல் போய்விடுகிறது.

ஊட்டிக்கு ஸ்விஸ் மாடல்தான் வேணும் என்பவர்கள் தாராளமாகப் பின்னூட்டத்துக்கு வரலாம். தண்டவாளச் செலவு யார் தலையில் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், பேசுவோம்.