ஒற்றைச் சக்கரம்

ஒற்றைச் சக்கர மிதிவண்டியைச் சர்க்கஸ் கூடாரத்து வித்தை என்று ஒதுக்குவர் பலர். சிறுமியர்க்கு ஏலாது என்பாரும் உளர். இரண்டும் பொருந்தா.

அவ்வண்டிக்குக் கைப்பிடி இல்லை, சங்கிலியும் இல்லை. மிதிகள் சக்கரத்தின் அச்சோடு பிணைந்துள்ளமையால், கால் நின்றால் சக்கரமும் நிற்கும். கால் பின்னோக்கிச் சுழன்றால் வண்டியும் பின்செல்லும். உடல் சாயும் திசைக்கே சக்கரத்தைச் செலுத்தி வீழாமற் காத்தல் வேண்டும். அசையாது நிற்க முயல்பவரே முதலில் வீழ்வர்! இதற்குப் பெருவலிமை வேண்டுவதில்லை. ஜப்பானில் தொடக்கப்பள்ளிச் சிறுமியர் இதனைத் தம் பள்ளித் திடலிலேயே பயில்கின்றனர். 1984 முதல் உலகப் போட்டிகளும் நிகழ்ந்து வருகின்றன.

குற்றாலத்துக்கு மகளிர் ஆடல் புதிதன்று. திரிகூடராசப்பக் கவிராயர் தம் குறவஞ்சியில் வசந்தவல்லியின் பந்தாட்டத்தை விரித்துப் பாடினாரன்றோ! அவ்வூர்ச் சாரல் விழாவில் கோலப் போட்டியும் படகுப் போட்டியும் நடத்துவதுண்டு. இவ்விளையாட்டுக்கும் ஓரிடம் அளித்தல் தகும். அருவிக்கரைப் பாதை வழுக்கும். பள்ளித் திடலே ஏற்றது.