லத்தியோடு நின்றவரும் காருக்குள் இருந்தவரும்

துக்காராம் ஓம்ப்ளே கையில் இருந்தது ஒரு லத்தி. 2008 நவம்பர் 26 நள்ளிரவு, மும்பை கிர்காவ் சௌபாத்தி கடற்கரைச் சாலையில் தடுப்புப் போட்டு நின்ற போலீஸ்காரர்களில் அவரும் ஒருவர். உதவி சப்-இன்ஸ்பெக்டர், முன்னாள் ராணுவக்காரர். காரிலிருந்து இறங்கிய அஜ்மல் கசாபின் ஏ.கே.47 குழலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். குண்டுகள் அவர் உடம்பில் இறங்கின, பிடியை விடவில்லை. கடல் வழியாக வந்த பத்துப் பேரில் ஒருவன் மட்டும் உயிரோடு பிடிபட்டான் என்றால் அது அந்தப் பிடியால்தான்.

அதே இரவில், அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், காமா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு குவாலிஸ் வண்டி சுடப்பட்டது. உள்ளே பயங்கரவாத எதிர்ப்புப் படைத் தலைவர் ஹேமந்த் கர்கரே, கூடுதல் கமிஷனர் அசோக் காம்தே, இன்ஸ்பெக்டர் விஜய் சலஸ்கர். பின்னால் நான்கு காவலர்கள். மூன்று அதிகாரிகளும் செத்தார்கள். காவலர்களில் அருண் ஜாதவ் மட்டும் பிழைத்தார். பிணங்களுக்கு அடியில் கிடந்தபடி, கொலைகாரர்கள் ஓட்டிப்போன அதே வண்டியில் போய், அவர்கள் வண்டியை விட்டு இறங்கிய பிறகு வயர்லெஸ்ஸை எடுத்துச் செய்தி சொன்னவர் அவர்தான்.

பெரிய அதிகாரிகள் சாகத்தான் வேண்டுமா என்று படிப்பு வட்டத்தில் ஒரு மாணவத் தோழர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். "அவுங்க எங்க தோழர் சாவுறாங்க, நம்மளைத்தான சாகடிக்கிறாங்க" என்று ஒருவர் சொன்னதும் கூட்டம் அடுத்த பேச்சுக்குத் தாவிவிட்டது. ஆனால் இந்தக் கேள்வியை அப்படித் தட்டிவிட முடியாது. நமக்கும் அதற்கும் இருக்கிற உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது. அதனால்தான் இந்த இதழின் தலையங்கத்தை இதற்கு ஒதுக்குகிறோம்.

மும்பையிலிருந்து லண்டனுக்குப் போவோம். 2017 மார்ச் 22. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நடந்துபோனவர்கள் மேல் காலித் மசூத் என்பவன் காரை ஏற்றினான். அதில் நான்கு பேர் இறந்தார்கள். பிறகு நாடாளுமன்ற வாசலுக்குள் கத்தியோடு ஓடி வந்தான். வாசலில் நின்ற கீத் பாமர் என்ற சாதாரணக் காவலரிடம் துப்பாக்கி கிடையாது. குத்திக் கொன்றான். தொடங்கியதிலிருந்து அவன் சுடப்பட்டது வரைக்கும் மொத்தம் 82 விநாடி. அந்த நேரத்தில் அந்த வளாகத்துக்குள் ஒரு காருக்குள் உட்கார்ந்திருந்தவர் கிரெய்க் மெக்கி. லண்டன் பெருநகரப் போலீஸின் பொறுப்புக் கமிஷனர். அந்த நகரத்தில் அவருக்கு மேலே போலீஸ் கிடையாது. கார்க் கதவுகளைப் பூட்டினார்கள். கார் வெளியே போனது.

2018இல் மரண விசாரணையில் அவரே வந்து சொன்னார்: கையில் ரேடியோ இல்லை, பாதுகாப்புக் கவசம் இல்லை, காரில் கூட வந்தவர்கள் இருந்தார்கள், இறங்கலாமா என்று நினைத்தேன், ஆனால் தலைமையில் இருப்பவன் போய் நடவடிக்கையை ஒருங்கிணைக்க வேண்டும் என்று கிளம்பினேன். ஊரே அவரைக் கோழை என்றது. பத்திரிகைகள் காறித் துப்பின. அவர் இறங்கியிருந்தாலும் பாமரைக் காப்பாற்றியிருக்க முடியாது என்பதுதான் கரோனரின் முடிவு.

எனக்கு அந்த மனிதரைத் திட்டுவதில் பெரிய ஆர்வம் இல்லை. நான் வங்கிக் குமாஸ்தா. எவனாவது துப்பாக்கியை நீட்டினால் சாவியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நில் என்பதுதான் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம். பணத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. வாசலில் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற காவலாளிக்கு மட்டும் வேறு பாடம். எங்கள் எல்லோரிலும் குறைந்த சம்பளம் அவருக்கு. கண்ணாடி அறைக்குள் இருக்கிற மேனேஜர் கொள்ளைக்காரனோடு கட்டிப் புரள வேண்டும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்ப்பதில்லை. இந்த ஏற்பாட்டில் ஒரு அநியாயம் இருக்கிறதே என்று அந்த ஸ்டூலைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

லண்டனில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். மெக்கி ஏன் இறங்கவில்லை என்பதைவிட, பாமர் ஏன் வெறுங்கையோடு நின்றார்? துப்பாக்கி வைத்திருந்த காவலர்கள் அந்த வாசலுக்குப் பக்கத்தில் அப்போது இல்லை. அவர்கள் எங்கே சுற்றி வர வேண்டும் என்ற உத்தரவை அவர்கள் புரிந்துகொண்டது ஒன்று, காகிதத்தில் இருந்தது வேறு. ஆயுதக் காவலர்கள் வாசலில் நின்றிருந்தால் பாமரின் சாவைத் தடுத்திருக்கக்கூடும் என்று விசாரணை சொன்னது. அந்தக் காகிதத்தைச் சரி பார்ப்பது மேலே இருப்பவர்களின் வேலை. 82 விநாடியில் ஒருவன் வீரனா கோழையா என்று அளக்கிறோம். அதற்கு முந்தின மாதங்களில் யாருடைய உடம்பை எந்த வாசலில் எதைக் கையில் கொடுத்து நிறுத்துவது என்று நாற்காலியில் உட்கார்ந்து முடிவு செய்தவர்களை யாரும் அளப்பதில்லை.

அண்ணல் சொன்ன படிநிலைச் சமமின்மை சாதிக்குள் மட்டும் இல்லை. சாவையும் படிப்படியாகத்தான் பங்கு போடுகிறார்கள். மும்பை சி.எஸ்.டி. ஸ்டேஷனில் தானியங்கித் துப்பாக்கிக்கு எதிராக லத்தியும் பழைய .303 ரைஃபிளும் வைத்துக்கொண்டு நின்றவர்கள் ரயில்வே காவலர்கள். ஜில்லு யாதவ் என்ற காவலர், பக்கத்தில் இருந்தவரின் ரைஃபிளைப் பிடுங்கிச் சுட்டார், கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி எறிந்தார். நாற்காலி! ஒரு அரசு தன் கடைநிலைக் காவலனுக்குக் கொடுத்த ஆயுதம் அது.

ஆனாலும் மும்பையில் பெரியவர்களும் போனார்கள் என்பதை மறைக்கக் கூடாது. காமா ஆஸ்பத்திரி மாடியில் சதானந்த் தாதே என்ற கூடுதல் கமிஷனர் கையெறி குண்டில் காயம்பட்டு ரத்தம் ஒழுக ஒழுகச் சண்டை போட்டார். தாஜ் ஓட்டலுக்குள் துணைக் கமிஷனர் விஸ்வாஸ் நாங்ரே பாட்டீல் சில ஆட்களோடு நுழைந்தார். இவர்களுக்கு எதிராகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஒரே வண்டியில் மூன்று பெரிய அதிகாரிகள் ஏறியது சரியா, பயங்கரவாத எதிர்ப்புப் படை தலையில்லாமல் போனதே என்று பிற்பாடு நிறையப் பேர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காம்தேயின் மனைவி வினிதா காம்தே கேட்ட கேள்வி அதைவிடக் கூர்மையானது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கட்டுப்பாட்டு அறைப் பதிவுகளை வாங்கினார். உள்ளே போனவர்கள் கேட்ட உதவி ஏன் வரவில்லை என்று கேட்டார். புத்தகமாகவே எழுதினார்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அன்றைய மும்பைக் கமிஷனர் ஹசன் கபூர் கட்டுப்பாட்டு அறையில் இல்லை. தாக்குதல் நடந்த டிரைடன்ட் ஓட்டல் பக்கத்தில் நின்றார். கட்டுப்பாட்டு அறையைக் குற்றப்பிரிவு இணைக் கமிஷனர் ராகேஷ் மாரியா பார்த்துக்கொண்டார். ராம் பிரதான் விசாரணைக் குழு, கமிஷனரின் தலைமை கண்ணுக்குத் தெரியவில்லை என்று குறை சொன்னது. 2009 ஜூனில் அவரை மாற்றினார்கள். பாருங்கள் தோழர், லண்டன் கமிஷனர் ஆபத்தான இடத்தை விட்டுப் போனார் என்று திட்டு, மும்பைக் கமிஷனர் ஆபத்தான இடத்துக்குப் பக்கத்தில் இருந்தும் திட்டு. அப்படின்னா அதிகாரி எங்கே நின்றார் என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. நின்ற இடத்திலிருந்து என்ன செய்தார்?

2022 மே 24, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் யுவால்டே. தொடக்கப் பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றான். வந்து சேர்ந்த போலீஸ் மொத்தம் 376 பேர். வகுப்பறைக் கதவைத் திறந்து அவனைச் சுட 77 நிமிடம் ஆனது. உள்ளேயிருந்து குழந்தைகள் போன் செய்துகொண்டிருந்தார்கள். பள்ளி போலீஸ் தலைவர் பீட் அரெடோண்டோ, நான் தலைமைப் பொறுப்பில் இருப்பதாகவே நினைக்கவில்லை என்றார். வேலை போனது. தலைமை தாங்கத்தான் விலகி நின்றேன் என்பது ஒரு வாதம். தலைமை என்னுடையதல்ல, அதனால் விலகி நின்றேன் என்பது இன்னொரு வாதம். இரண்டும் ஒரே ஆளுக்கு எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

இப்போது நம் பக்கம். தன் உயிரை அதிகாரி எவ்வளவு மதிக்கிறார் என்பது நமக்கு ஏன் முக்கியம்? உயிருக்கு ஆபத்து என்ற சொல்லைச் சொல்லித்தான் நம்மைச் சுடுகிறார்கள். 1997 ஜூலை 11, அதே மும்பை, காட்கோபர் ராமாபாய் அம்பேத்கர் நகர். அண்ணல் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதைக் கண்டித்து மக்கள் நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். மாநில ரிசர்வ் போலீஸ் சுட்டதில் 10 தலித்துகள் செத்தார்கள். கேஸ் டேங்கர் லாரிகளைக் கூட்டம் கொளுத்தப் பார்த்தது, பெரிய ஆபத்து என்றார்கள். குண்டேவார் கமிஷன் அந்தத் துப்பாக்கிச் சூடு தேவையே இல்லாதது என்றது. உத்தரவு போட்ட சப்-இன்ஸ்பெக்டர் மனோகர் கதமுக்கு 2009இல் ஆயுள் தண்டனை விதித்தார்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போய் ஜாமீனில் வந்துவிட்டார். 2011 செப்டம்பர் 11 பரமக்குடி, இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். அங்கேயும் போலீஸ் சொன்னது உயிர்ப் பாதுகாப்பு, கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. அங்கே விசாரணைக் கமிஷன் போலீஸ் பக்கமே நின்றது.

ஆபத்தைக் கொஞ்சமும் தாங்கத் தேவையில்லை என்று ஒரு போலீஸுக்குச் சொல்லிக் கொடுத்தால், கல் விழுந்த முதல் நிமிடத்திலேயே அவன் விசையை இழுப்பான். கல் தலையில் விழட்டும், கொஞ்சம் பொறு, பேசு, பின்வாங்கு, இன்னும் பேசு என்று தன் ஆட்களுக்குச் சொல்ல ஒரு அதிகாரி முன்வரிசையில் நிற்க வேண்டும். அவர் தலைமீதும் அந்தக் கல் விழுகிற தூரத்தில் நிற்க வேண்டும். நான் சொல்கிற உயிர்ப்பணயம் முதலில் இதுதான். கசாப்களை எதிர்ப்பது எப்போதாவது வருகிற வேலை. வெறுங்கைக் கூட்டத்துக்கு முன்னால் சுடாமல் நிற்பது வாராவாரம் வருகிற வேலை.

இதன் மறுபக்கத்தையும் நாம் பார்த்துவிட்டோம். 2012 நவம்பர் 7, தருமபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. ஒரு காதல் திருமணத்தைச் சாக்கு வைத்து 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். மணிக்கணக்கில் எரிந்தது. பீரோவை உடைத்துச் சாமான்களைத் தூக்கிப்போக நேரம் இருந்தது அவர்களுக்கு. ஆதிக்க சாதிக் கும்பலுக்கும் சேரிக்கும் நடுவில் வந்து, என்னைத் தாண்டிப் போ என்று சொல்ல ஒரு அதிகாரி இல்லை. அந்தக் கும்பல் கையில் ஏ.கே.47 இருக்கவில்லை. நம் ஆட்களைப் பார்த்ததும் உடனே வந்துவிடுகிற அந்த 'உயிருக்கு ஆபத்து' இந்தக் கும்பலைப் பார்த்து ஏன் வரவில்லை? வந்திருந்தால் சுட்டிருப்பார்களே! சுடவும் இல்லை, குறுக்கே நிற்கவும் இல்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகள், 1995. 12ஆவது விதியை எடுத்துப் படியுங்கள். வன்கொடுமை நடந்த இடத்துக்குக் கலெக்டரும் எஸ்.பி.யும் போய்ப் பார்க்க வேண்டும். எப்போது? நடந்த பிறகு, உயிரிழப்பையும் பொருளிழப்பையும் மதிப்பிட. சட்டம் எஸ்.பி.யைச் சாம்பல் ஆறினதும்தான் சேரிக்குள் அழைத்து வருகிறது. எரிந்துகொண்டிருக்கும்போது அவர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அந்த விதியில் ஒரு வரி இல்லை. சட்டத்தின் 4ஆவது பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கிற, எஸ்.சி., எஸ்.டி. அல்லாத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை என்கிறது. 2015 திருத்தத்தில் அந்தக் கடமைகளைப் பட்டியல் போட்டார்கள். வாக்குமூலத்தைப் படித்துக் காட்டு, எஃப்.ஐ.ஆர். போடு, நகல் கொடு, எல்லாம் காகித வேலை. அதிலும், துறை விசாரணை பரிந்துரைத்தால்தான் அதிகாரி மேல் குற்றச்சாட்டு என்று ஒரு பூட்டு. ராணுவச் சட்டத்தில் எதிரியின் முன் கோழைத்தனம் காட்டினால் மரண தண்டனை வரைக்கும் போகலாம். நான் அதைக் கேட்கவில்லை. மரண தண்டனை யாருக்கும் வேண்டாம் என்பதே என் நிலை. இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எல்லைக் கோட்டை எவ்வளவு மதிக்கிறார்கள், சேரிக் கோட்டை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது தெரியும். அதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே என் பதில்: ஆம், வேண்டும். கத்திக்கு நேரே கமிஷனர் வெறுங்கையோடு பாய வேண்டும் என்பதில்லை. இன்னொருவனைச் சாவுக்கு முன்னால் நிறுத்துகிற அதிகாரம் கையில் இருக்கிற எவரும், அந்தச் சாவுக்குத் தானும் எட்டுகிற தூரத்தில் இருந்தாக வேண்டும். ஓம்ப்ளேக்கு அசோக சக்கரம் கொடுத்தார்கள், கர்கரேவுக்கும் காம்தேவுக்கும் சலஸ்கருக்கும் கொடுத்தார்கள். மேலும் கீழும் ஒரே பதக்கம். லத்தியும் துப்பாக்கியும் அன்றைக்கு அப்படிப் பங்கிடப்படவில்லை.

சட்டத் திருத்தம் கேட்டு எழுதுவதற்கு முன்னால் நமக்குக் கணக்கு வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கடந்த பத்து ஆண்டுகளில் 4ஆவது பிரிவில் எத்தனை அதிகாரிகள் மேல் வழக்கு, அதில் எத்தனை பேர் இன்ஸ்பெக்டருக்கு மேலே, சேரி தாக்கப்பட்ட நாட்களில் கட்டுப்பாட்டு அறைக்கு முதல் அழைப்பு எத்தனை மணிக்கு, முதல் அதிகாரி வந்தது எத்தனை மணிக்கு. வினிதா காம்தே வாங்கிய மாதிரியே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி வாங்கலாம். மாணவத் தோழர்கள் ஆளுக்கொரு மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதில் வந்தாலும் சரி, மறுத்தாலும் சரி, அந்தக் கடிதத்தை அப்படியே எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் மணிக்கணக்கோடு அச்சிடுவோம்.