யார் வயிற்றில் பழகுவது?

குடல் அழற்சி நோய் என்று ஒன்று உண்டு. அதில் இரண்டு வகை. பெருங்குடலின் உட்புறம் புண்ணாகி, இரத்தமும் சீழுமாகக் கழிவது ஒன்று. சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பெரும்பாலும் பிடித்து, குடற்சுவரைத் தடிக்க வைத்து, பாதையை அடைத்து, சில சமயம் குடலையே துளைத்துவிடுவது மற்றொன்று. 1932-ம் ஆண்டில் நியூயார்க் டாக்டர் கிரோனும் அவருடைய சகாக்களும் இதை விவரித்து எழுதியதால், இதற்குக் கிரோன் நோய் என்று பெயர் வந்தது.

இரண்டும் பெரும்பாலும் வாலிப வயதில் பிடிக்கின்றன. அதாவது உழைக்கிற வயதில். நாளைக்குப் பத்துத் தடவை வெளியே ஓட வேண்டியவன் மிஷின் பக்கத்தில் எப்படி நிற்பான்? நடவு வரிசையில் குனிந்து நிற்பவள் என்ன செய்வாள்? நம் நாட்டிலும் இந்நோய் பெருகி வருகிறது. எனவே, இது டாக்டர்கள் பேசிக்கொள்ளும் விஷயம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

மருந்து எல்லோருக்கும் பலிப்பதில்லை. பலர் ரண சிகிச்சைக்குப் போக வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் வயிற்றை நீளமாகக் கிழித்துத்தான் குடலை அறுத்தெடுப்பார்கள். இன்று நாலைந்து சிறு துளைகள் போதும். வயிற்றுக்குள் வாயுவை நிரப்பி, ஒரு துளை வழியே காமிராவையும் மற்றவற்றின் வழியே நீண்ட மெல்லிய கருவிகளையும் செலுத்தி, திரையைப் பார்த்துக்கொண்டே டாக்டர் வேலை செய்கிறார். நோயாளிக்கு வலி குறைவு. சீக்கிரம் வீடு திரும்பலாம். பின்னால் தழும்பில் குடல் பிதுங்கும் அபாயமும் குறைவு. உடல் பலமே மூலதனமாக உள்ளவனுக்கு இது சாதாரண லாபமல்ல.

ஆனால் டாக்டருக்கு இது எளிதான வேலையா? அறுந்த நூலை விரலால் முடிச்சுப் போடும் ஆலைத் தோழர் சற்று யோசித்துப் பார்க்கட்டும். அதே நூலை முழ நீளக் குச்சிகளைக் கொண்டு, தட்டையான படத்தைப் பார்த்தபடி முடிய வேண்டும். கை வலப்பக்கம் போனால் உள்ளே கருவியின் முனை இடப்பக்கம் போகும். தொட்டுப் பார்த்து அறியும் வசதியும் போய்விட்டது. கிரோன் நோயிலோ கஷ்டம் இரு மடங்கு. வீங்கிய குடல் தொட்டால் கிழியும். தடித்த குடல்தாங்கிச் சவ்வு சுலபமாக இரத்தம் கக்கும். ஒரு குடல் இன்னொன்றோடு ஒட்டிக்கிடக்கும். நோயாளியோ சத்திழந்து மெலிந்திருப்பான்.

2005-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, பெருங்குடலின் வலப்பக்கத்தில் 55, இடப்பக்கத்தில் 62 சிகிச்சைகள் செய்த பிறகே கை படிகிறது என்று கணக்கிட்டது. புதிதாகக் கதிரறுக்க வருகிறவன் தவறினால் அவன் விரல்தான் அறுபடும். டாக்டர் தவறினால் அறுபடுவது அடுத்தவன் குடல். அப்படியானால் அந்த முதல் ஐம்பது பேர் யார்? யார் வயிற்றில் இந்தப் பழக்கம் நடக்க வேண்டும்? இதுதான் கேள்வி.

இதற்கு இரண்டு விதமான பதில்களை உலகம் பார்த்திருக்கிறது.

ஒன்று, சந்தையின் பதில். 1990-ம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் பித்தப்பையைத் துளை வழியே எடுக்கும் முறை காட்டுத்தீபோல் பரவியது. வார இறுதியில் இரண்டொரு நாள் வகுப்பு. பன்றியின் மீது கொஞ்சம் பழக்கம். திங்கட்கிழமை மனிதனின் வயிறு! பித்தநாளம் வெட்டுப்பட்டு அவதிப்பட்டவர்கள் பலர். கடைசியில் 1992-ல் நியூயார்க் மாகாண சுகாதாரத் துறை தலையிட்டு, குறைந்தது 15 சிகிச்சைகளை மேற்பார்வையில் செய்த பிறகே தனியாகச் செய்யலாம் என்று நெறி வகுக்க நேர்ந்தது.

மற்றது, பொது வைத்தியத்தின் பதில். பதின்மூன்றாம் வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிய அனூரின் பெவன், மந்திரியாகி 1948-ல் நிறுவியது பிரிட்டனின் தேசிய சுகாதாரப் பணி. பெருங்குடல் புற்றுநோய்க்குத் துளை வழி சிகிச்சை தகுந்ததென்று அங்கு 2006-ல் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தேர்ந்த கைகள் போதவில்லை. அதற்காக 2008-ல் சர்க்கார் செலவில் இங்கிலாந்து முழுவதற்கும் ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. ஏற்கெனவே நிபுணராக இருந்த டாக்டர்களே மாணவர்களாக வந்தார்கள். தேர்ந்தவர் பக்கத்தில் நின்று கைபிடித்துக் கற்றுக்கொடுத்தார். பயிற்சி முடிந்ததும், செய்த சிகிச்சையின் படத்தை வெட்டாமல் ஒட்டாமல் அனுப்ப வேண்டும். செய்தவர் யாரென்று தெரியாத நிபுணர்கள் பார்த்து மதிப்பிட்டார்கள். நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாக நடந்துவந்த இம்முறை சில ஆண்டுகளில் நாற்பதை எட்டியது. புற்றுநோய்க்காகப் பழகிய அதே கை கிரோன் நோய்க்கும் உதவும். ஆனால் அதற்கென்று தனிப் பயிற்சியும் வேண்டும்.

கை தேர்ந்தால் என்ன கிடைக்கும்? நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் 29 ஆஸ்பத்திரிகளில் 143 கிரோன் நோயாளிகளைக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மட்டும் நோய் இருந்து, வழக்கமான மருந்துக்கு மசியாதவர்கள் இவர்கள். ஒரு சாராருக்குத் துளை வழி சிகிச்சை. மறு சாராருக்கு இன்ஃபிளிக்ஸிமாப் என்ற விலையுயர்ந்த மருந்தை நரம்பில் ஏற்றும் வைத்தியம். ஓராண்டில் இரு சாராரின் நலமும் ஏறக்குறைய ஒன்றே என்று 2017-ல் முடிவு வெளியாயிற்று. செலவு சிகிச்சையில்தான் குறைவு. ஐந்தாண்டு கடந்து பார்த்தபோது, மருந்து பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கத்திக்கே வந்துவிட்டார்கள். முதலில் அறுத்துக்கொண்டவர்களில் ஒருவருக்கும் இரண்டாம் முறை குடலை அறுக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லா நோயாளிக்கும் இது பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. மருந்தும் வேண்டும். ஆனால் மருந்தை விற்க ஏஜெண்டுகள் ஊர் ஊராக அலைகிறார்கள். டாக்டரின் கைத்திறனுக்கு அப்படி ஏஜெண்டு கிடையாது. பொதுப் பணம்தான் அதை வளர்க்க முடியும்.

ஆகவே நாம் கோருவது இதுதான்: பயிற்சிச் செலவைக் கருவி விற்கும் கம்பெனிகளின் தயவில் விடாமல் சர்க்கார் ஏற்கட்டும். முதலில் பெட்டியிலும் பொம்மையிலும் பழகட்டும். பிறகு ஆசான் பக்கத்தில் நிற்கட்டும். எத்தனை செய்தார், எத்தனை பேருக்குச் சிக்கல் என்ற கணக்கு பகிரங்கமாக இருக்கட்டும். கையொப்பம் கேட்குமுன், கத்தி பிடிப்பவர் பழகுகிறவரா, தேர்ந்தவரா என்பதை நோயாளிக்குச் சொல்லட்டும்.

எந்தக் கையும் பழகித்தான் தேர வேண்டும். ஆனால் காசுள்ளவனுக்குத் தேர்ந்த கை, காசில்லாதவனுக்குப் பழகும் கை என்ற பாகுபாட்டை நாம் ஒருபோதும் ஒப்பமாட்டோம்.