'5% கேஷ்பேக்' கார்டு: ஒரு வருடக் கணக்குப் போட்டுப் பார்த்தால் கையில் நிற்பது எவ்வளவு?

கடந்த 12 மாத கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட்டுகளைப் பதிவிறக்கி ஒரே ஸ்பிரெட்ஷீட்டில் போட்டேன். எண்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் வேலை என்றாலும், சொந்தச் செலவை இப்படி வரிசைப்படுத்திப் பார்த்தது இதுதான் முதல் முறை. 'ஆன்லைனில் 5%, கடைகளில் 1%' என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கிய கேஷ்பேக் கார்டு அது.

எண்களை ஆயிரங்களாக முழுமைப்படுத்திச் சொல்கிறேன். வருடச் செலவு 4,80,000 ரூபாய். அதில் 5% கிடைத்த ஆன்லைன் செலவு 96,000. 1% கிடைத்த கடைச் செலவு 1,44,000. மீதி 2,40,000, அதாவது சரிபாதி, இன்சூரன்ஸ் பிரீமியம், பெட்ரோல், மின் கட்டணம், தங்கையின் கல்லூரிக் கட்டணம், வாலெட்டில் ஏற்றிய பணம். இந்தப் பாதிக்குக் கேஷ்பேக் பூஜ்யம்.

வந்த கேஷ்பேக் 4,800 + 1,440, ஆக 6,240 ரூபாய். ஜிஎஸ்டியோடு ஆண்டுக் கட்டணம் 1,180. வருடத்துக்கு 3 லட்சம் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி என்றுதான் சொல்லியிருந்தார்கள். நான்தான் 4.8 லட்சம் செலவழித்திருக்கிறேனே என்று விதிமுறையைப் புரட்டினால், அந்த 3 லட்சக் கணக்கிலும் மேலே சொன்ன பாதி சேராதாம். ஆக, கையில் நின்றது 5,060 ரூபாய். மொத்தச் செலவில் 1.05%.

இது மோசமான வருமானம் என்று சொல்ல மாட்டேன். யுபிஐயில் வங்கிக் கணக்கிலிருந்து கட்டியிருந்தால் இதுவும் வந்திருக்காது. ஆனால் 5-க்கும் 1.05-க்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அடுத்த கார்டுக்கு விண்ணப்பிப்பது வீண். (அந்த வருடத்தில் ஒரு மார்ச் மாதமும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.)

சரி, அந்தக் காசு யாருடையது?

இலவசமா யாரும் பணம் தர மாட்டாங்க இல்லையா? கடையில் 1,000 ரூபாய்க்கு கிரெடிட் கார்டைத் தேய்த்தால் கடைக்காரருக்கு முழு ஆயிரமும் போய்ச் சேராது. கடையையும் கார்டு வகையையும் பொறுத்து சுமார் 2% பிடித்துக்கொள்வார்கள். எம்டிஆர் என்று சொல்வது இதைத்தான். இதில் பெரிய பங்கு உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு. மீதி விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க்குக்கும், கடைக்கு மெஷின் கொடுத்த வங்கிக்கும் போகும்.

டெபிட் கார்டுக்கு இந்தப் பிடித்தம் 0.9%-ஐத் தாண்டக் கூடாது என்று 2018 முதல் ஆர்பிஐ உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2020 ஜனவரி முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆரே கிடையாது. கிரெடிட் கார்டுக்கு மட்டும் உச்சவரம்பு இல்லை. டெபிட் கார்டில் சலுகைகள் வற்றிப்போய், கிரெடிட் கார்டில் மட்டும் கொட்டுவதற்குக் காரணம் இதுதான்.

2% வாங்கிக்கொண்டு எப்படி 5% திருப்பித் தர முடியும் என்ற கேள்வி அடுத்து வரும். ஒரு ஷாப்பிங் தளத்தின் பெயரோடு வரும் கார்டு என்றால், அந்தத் தளமே விளம்பரச் செலவாக நினைத்து ஒரு பங்கைத் தரும். மற்றவற்றில், பில்லை முழுசாகக் கட்டாதவர்கள் தரும் வட்டியும், தாமதக் கட்டணமும், ஆண்டுக் கட்டணமும் ஈடுகட்டுகின்றன. பல கார்டுகளில் வட்டி மாதம் 3.5 முதல் 3.75%. வருடத்துக்கு 42 முதல் 45%. அதாவது, உங்கள் அலுவலகத்தில் பில்லை நேரத்துக்குக் கட்டும் ஒருவருக்கு வரும் கேஷ்பேக்கில், பக்கத்து சீட்டில் மினிமம் டியூ மட்டும் கட்டிக்கொண்டிருப்பவரின் பணமும் இருக்கலாம்.

எம்டிஆரைப் புரிந்துகொண்டால் 'இவற்றுக்குப் பொருந்தாது' என்ற நீண்ட பட்டியலும் புரிந்துவிடும். ஒவ்வொரு கடைக்கும் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. சூப்பர் மார்க்கெட்டுக்கு 5411, மின்சாரம், குடிநீர் போன்ற கட்டணங்களுக்கு 4900, இன்சூரன்ஸுக்கு 6300, வாடகைக்கு 6513. நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பது வங்கிக்குத் தெரியாது, இந்தக் குறியீடுதான் தெரியும். எந்தக் குறியீட்டில் வங்கிக்கு வரும்படி குறைவோ, எதைச் சுற்றிச் சுற்றிப் பணம் புரட்ட முடியுமோ, அங்கெல்லாம் ரிவார்டு நிற்கும். பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் 1% சர்சார்ஜ் தள்ளுபடி மட்டும்தான். அது வருமானம் இல்லை, உங்களிடம் பிடித்ததைத் திருப்பித் தருவது. அதன் மேல் போட்ட ஜிஎஸ்டி திரும்பாது.

யுபிஐயில் இணைக்கும் ரூபே கிரெடிட் கார்டிலும் இதே கதைதான். 2022 செப்டம்பரில் வந்த வசதி அது. சிறு வணிகர்களிடம் 2,000 ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்கு எம்டிஆர் இல்லை. டீக்கடை கியூஆரில் ஸ்கேன் செய்தால் வங்கிக்கு வருவது ஒன்றுமில்லை. யுபிஐ செலவுக்குப் பல கார்டுகள் ரிவார்டைக் குறைத்தோ நிறுத்தியோ வைத்திருப்பதில் ஆச்சரியமில்லை.

வாங்கிய பிறகு மாறும் விதிகள்

கார்டு ரிவார்டைப் பற்றி 2023-க்கு முன் எழுதப்பட்ட எதையும் இன்று நம்ப வேண்டாம். ஆக்ஸிஸ் மேக்னஸ் கதை தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

அந்தக் கார்டில் ஒரு மாதத்தில் 1 லட்சம் ரூபாய் செலவழித்தால் 25,000 புள்ளிகள் போனஸ். 5 புள்ளிக்கு 4 விமான மைல் என்ற விகிதத்தில் மாற்றினால், போனஸ் மட்டுமே 20,000 மைல். ஆண்டுக் கட்டணம் 10,000 ரூபாய். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் எல்லாம் பாய்ந்தார்கள். மாதம் 1 லட்சத்தைத் தொடுவதற்காகவே கிஃப்ட் கார்டு வாங்கிக் குவித்தவர்கள் உண்டு. 2023 செப்டம்பர் 1 முதல் மாத போனஸ் நின்றது. கட்டணம் 12,500 ஆனது. மாற்று விகிதம் 5-க்கு 2 ஆகச் சுருங்கியது. அதற்கு முன் மாற்றாமல் 1 லட்சம் புள்ளிகளைச் சேர்த்து வைத்திருந்தவரின் 80,000 மைல், அன்று காலை 40,000 மைல்.

எனக்கு இதில் படுவது: புள்ளிகள் சேமிப்பு அல்ல. வங்கி அச்சடித்து, வங்கியே மதிப்பு வைக்கும் நோட்டு அது. கேஷ்பேக் பார்க்கக் குறைவாகத் தெரிந்தாலும், கணக்கில் வந்துவிட்டால் அதன் மதிப்பை யாராலும் பாதியாக்க முடியாது.

மேக்னஸோடு இது முடியவில்லை. 2023 நவம்பர் 16 அன்று, வங்கிகளின் கிரெடிட் கார்டு கடன்களுக்கான 'ரிஸ்க் வெயிட்'டை ஆர்பிஐ 125-லிருந்து 150% ஆக உயர்த்தியது. விஷயம் இதுதான்: 9% மூலதனம் கட்டாயம் என்று வைத்துக்கொண்டால், 100 ரூபாய் கார்டு கடனுக்கு வங்கி ஒதுக்க வேண்டிய சொந்தப் பணம் 11.25-லிருந்து 13.50 ரூபாயாக ஏறியது. கடன் கொடுப்பது வங்கிக்குச் செலவு பிடிக்கும் வேலையானால், முதலில் வெட்டு விழுவது சலுகைகளில்தான்.

ஏர்போர்ட் லவுஞ்ச் அதற்கு நல்ல உதாரணம். ஹெச்டிஎஃப்சி வங்கி 2023 டிசம்பர் முதல் ரெகாலியா கார்டுக்குக் காலாண்டில் 1 லட்சம் செலவு என்ற நிபந்தனையைக் கொண்டுவந்தது. ஐசிஐசிஐ பல கார்டுகளுக்கு 2024 ஏப்ரல் முதல் முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் என்றது. லவுஞ்சில் ஒரு இட்லியும் காபியும் சாப்பிட, மூன்று மாதத்துக்கு முன்பே செலவழித்து இடம் பிடிக்க வேண்டும்.

வாடகைக் கதை இன்னும் சுருக்கம். 2022 முதல் வங்கிகள் தனிக் கட்டணம் போட ஆரம்பித்தன. 2025 செப்டம்பரில் ஆர்பிஐயின் பேமென்ட் அக்ரிகேட்டர் விதிகள் வந்ததும், முக்கிய செயலிகள் கார்டில் வாடகை கட்டும் வசதியையே எடுத்துவிட்டன. வாலெட்டும் அப்படியே: ஹெச்டிஎஃப்சியில் 2025 ஜூலை முதல் மாதம் 10,000-க்கு மேல் ஏற்றினால் 1% கட்டணம்.

அந்த மார்ச் மாதம்

வேலை மாறியபோது சம்பளக் கணக்கும் மாறியது. கார்டின் ஆட்டோ-பே பழைய கணக்கில்தான் இருந்தது. அதில் பணமில்லை, பில் கட்டப்படவில்லை. 9 நாள் கழித்துத்தான் கவனித்தேன். தப்பு முழுக்க என்னுடையது.

பில் 38,600 ரூபாய். கெடு தேதி தாண்டிய 9 நாளுக்குத்தானே வட்டி என்று நினைத்தேன். அப்படி இல்லை. பில்லில் ஒரு பகுதி நிலுவையானாலும் வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே ரத்தாகிவிடும். ஒவ்வொரு பொருளையும் வாங்கிய தேதியிலிருந்து வட்டி ஓடும். சராசரியாக 44 நாள், வருடம் 45% என்று கணக்கிட்டால் சுமார் 2,090 ரூபாய். தாமதக் கட்டணம் 1,100. இரண்டின் மீதும் 18% ஜிஎஸ்டி 574. ஆக மொத்தம் 3,764. இதற்கிடையில் வாங்கிய புதுப் பொருட்களின் வட்டியை இதில் சேர்க்கவில்லை.

இப்போது வருடக் கணக்கில் கையில் நிற்பது 1,296 ரூபாய். 0.27%. நானே இரண்டு முறை சரிபார்த்தேன். 12 மாதம் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததில் முக்கால் பங்கை 9 நாள் சாப்பிட்டுவிட்டது.

'இவ்வளவு வட்டிக்குத் தடையே இல்லையா?' என்று கேட்கலாம். ஒரு காலத்தில் இருந்தது. 30%-க்கு மேல் வசூலிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இப்போது எண்ணளவில் உச்சவரம்பு எதுவும் இல்லை.

மறதிக்காரர்களுக்கு ஆர்பிஐ விதியில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. கெடு தேதிக்குப் பிறகு 3 நாளைத் தாண்டினால்தான் தாமதக் கட்டணம் போடலாம், கிரெடிட் பீரோவுக்கும் தெரிவிக்கலாம். அதைத் தாண்டினால் சீக்கிரமே தெரிந்துவிடும். வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதோடு, பில்லிங் தேதியைக் குறைந்தது ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. சம்பளம் வந்த சில நாளில் கெடு தேதி வரும்படி மாற்றிக்கொள்ளுங்கள். நான் இதை மார்ச்சுக்குப் பிறகுதான் செய்தேன்.

எந்தக் கார்டு?

"நல்ல கார்டு ஒண்ணு சொல்லு" என்று நண்பர்கள் கேட்டால், ஆறு மாத ஸ்டேட்மெண்ட்டை அனுப்பு என்பதுதான் என் பதில். இன்சூரன்ஸ், பெட்ரோல், கல்விக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவது எவ்வளவு, அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் ஒரே தளத்தில் போகிறது என்றால் அந்தத் தளத்தின் ஆண்டுக் கட்டணமில்லாத கார்டே போதும். பல இடங்களில் சிதறினால் பொதுவான கேஷ்பேக் கார்டு. வருடத்துக்கு இரண்டு முறையாவது விமானத்தில் போய், மைல்களை உடனுக்குடன் செலவழிக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் புள்ளிகள் பக்கம் போகலாம்.

உச்சவரம்பைக் கவனியுங்கள். '5%, மாதம் 1,000 வரை' என்றால் மாதம் 20,000 ரூபாய் வரைதான் அந்த 5%. 40,000 செலவழித்தால் அது 2.5%. புள்ளி கார்டு என்றால் ரூபாய்க்கு மாற்றிப் பாருங்கள். 150 ரூபாய்க்கு 4 புள்ளி என்பது, ஒரு புள்ளிக்கு 50 பைசா கிடைத்தால் 1.33%. பொருளாகவோ பணமாகவோ மாற்றும்போது 20 பைசாதான் என்றால் 0.53%. மாற்றுவதற்கே 99 ரூபாய் கட்டணம் வாங்கும் கார்டுகளும் உண்டு.

நோ-காஸ்ட் இஎம்ஐ எடுத்தால் வட்டிக்கு ஈடான தள்ளுபடி கிடைக்கும், ஆனால் அந்த வட்டியின் மீதான 18% ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில். பெரும்பாலும் ரிவார்டும் வராது.

நண்பர்களின் செலவையெல்லாம் தன் கார்டில் போட்டு கேஷ்பேக் அள்ளுபவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. ஒரு நிதியாண்டில் கார்டு பில்லாக 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ கட்டினால், வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். நண்பர் உங்களுக்கு ஜிபேயில் திருப்பி அனுப்பியதை நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும்.

பயன்படாத கார்டை மூடிவிடலாம். பாக்கி இல்லாத பட்சத்தில், நீங்கள் கேட்ட 7 வேலை நாளுக்குள் வங்கி மூட வேண்டும், தவறினால் மூடும் வரை நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ஆர்பிஐயின் 2022-ஆம் ஆண்டு விதி. கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்பி, அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். அதற்கு முன் மீதமிருக்கும் புள்ளிகளை எடுத்துவிடுங்கள், மூடிய பிறகு அவை பெரும்பாலும் திரும்பாது.