பாவு மாறலாம்; தறியும் மாற வேண்டுமா?

சின்ன காஞ்சிபுரத்தில் பாவு தீர்ந்தால் நெசவாளர் தறியை மாற்றுவதில்லை. புதுப்பாவின் இழைகளைப் பழைய நுனிகளோடு பிணைக்கிறார். இணைய நிறுவனத்தை மாற்றும்போது மட்டும் நல்ல ரவுட்டரை ஏன் ஒதுக்க வேண்டும்?

கண்ணாடியிழையை ஏற்கும் பெட்டியை நிறுவனம் தரும்; அதன் பின்னே நம் ரவுட்டர் இயங்கலாம். மாற வேண்டியவை இணைப்பு முறை, பயனர் பெயர், கடவுச்சொல், சிலவிடங்களில் விலான் எண். வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் பழையபடியே இருந்தால் வீட்டுக் கைப்பேசிகள் தாமே இணைந்துகொள்ளும்.

2011 முதல் கைப்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றுகிறோம். வீட்டு இணைப்பிலும் அத்தகைய உரிமை வேண்டாமா? விவரங்களை எழுதித் தருவது நிறுவனத்தின் கடமை. கேட்டுப் பெறுவது நம் கடமை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நெசவுக் கூலி இச்சிறு வேலைக்குச் செலவாகலாமா? நாம் கற்ற விஞ்ஞானம் முதலில் நம் வீட்டுக்குப் பயன்படட்டும், நண்பர்களே!