நாற்பது புள்ளியில் ஓர் எழுத்து

சிறுவர்கள் மின்னணுப் பொருள்களை வாங்கிக் குடைந்துகொண்டிருப்பது வீண் செலவு என்று இப்பகுதியில் நாம் முன்பொருமுறை எழுதியதுண்டு. அக்கூற்றை இத்திங்கள் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

நம் தமக்கையின் மகள் எட்டாம் வகுப்பில் பயில்கிறாள். பெங்களூரில் பிறந்த பிள்ளைகள் பலரையும்போலத் தமிழ் பேசுவாள், படிக்க அறியாள். திருப்பத்தூரில் தனித்து வாழும் நம் அன்னையாருக்கோ தமிழெழுத்தன்றி வேறெழுத்துத் தெரியாது. இரத்த அழுத்தத்திற்குரிய மாத்திரையை அவர் அடிக்கடி மறந்துவிடுகிறார். வேளை வந்ததும் ஒலியெழுப்பி, திரையில் எழுத்துக் காட்டும் பெட்டி ஒன்றைப் பாட்டிக்குச் செய்து தருவதாகப் பேத்தி முன்வந்தாள். செலவு மாமாவுடையது!

எஸ். பி. ரோடு எனப்படும் சாதர் பத்ரப்பா சாலைக்கு அவளுடன் சென்றோம். பழைய கணினியின் உறுப்புகளும் புதிய சில்லுகளும் அருகருகே விற்கப்படும் கடைத்தெரு அது. ஆர்டுவினோ பலகை ஒன்று, நாணயம் போன்ற மின்கலத்தில் ஓடும் கடிகாரச் சில்லு, ஒலிப்பான், இரண்டு வரித் திரை ஆகியவற்றை வாங்கினோம். ஆர்டுவினோ 2005-இல் இத்தாலியில் மாணவர்களுக்காக உருவானது. அதன் வரைபடத்தை எவரும் பயன்படுத்தலாம் என்று விட்டதனால் விலை மலிந்துவிட்டது.

இடர் திரையில் வந்தது. அதனை இயக்கும் முறை 1980-களில் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் வகுத்தது. எனவே ஆங்கில எழுத்தும் ஜப்பானிய எழுத்தும் அதனுள் பிறவியிலேயே உண்டு, தமிழ் இல்லை. யூனிகோடு 1991-இலேயே தமிழுக்கு இடமளித்த செய்தி இச்சிறு திரைக்கு எட்டவில்லை. ஆனால் நாமே வரைந்து கொடுக்கும் எட்டு உருவங்களை மட்டும் அது ஏற்கும். ஓர் உருவத்திற்கு அகலத்தில் ஐந்து, உயரத்தில் எட்டு, ஆக நாற்பது புள்ளிகள்.

கோலத்திற்குப் புள்ளி வைப்பதுபோல் கட்டத்தாளில் இருவரும் அமர்ந்தோம். எரியும் புள்ளிக்கு 1, எரியாததற்கு 0. ஒரு வரிசை முழுதும் எரிந்தால் 11111. அது நம் கணக்கில் 31 என்று அவள் நமக்குக் கற்பித்தாள். மகரம் எங்கே தொடங்கி எங்கே மடங்கும் என்று நாம் அவளுக்குக் கற்பித்தோம். ‘மருந்து சாப்பிடு’ என எழுத முயன்றோம். துணைக்காலையும் சேர்த்து ஒன்பது உருவங்கள்! ஓர் இரவு முழுதும் அந்த ஒன்று இடித்தது. இறுதியில் ‘மருந்து உண்க’ என்று மாற்றினோம். ‘ண்’ இரண்டு கட்டம் கொண்டது. ஆயினும் எட்டில் அடங்கிற்று. கட்டங்களுக்கு நடுவே இடைவெளி உண்டாதலின் அந்த ‘ண்’ இரண்டாகப் பிளந்தே நிற்கிறது. அதற்கு வழியில்லை.

மின்சாரம் நின்றால் திரை எட்டெழுத்தையும் மறந்துவிடும். மீண்டும் வந்ததும் நிரல் அவற்றைப் புதிதாகக் கற்பிக்கும். சிறுமி மறக்கவில்லை. கடைப் பலகைகளில் அந்த எழுத்துகளைத் தேடிப் பிடித்துப் படிக்கிறாள். ஏனைய எழுத்துகளையும் கேட்கத் தொடங்கியிருக்கிறாள்.

சென்ற ஞாயிறன்று பெட்டியைத் திருப்பத்தூரில் வைத்தோம். இரவு எட்டு மணிக்கு அது கூவிற்று. அன்னையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

“மருந்து உண்கவா? எந்தப் புலவரடி உள்ளே உட்கார்ந்திருக்கிறார்?” என்று பேத்தியைக் கேட்டுவிட்டு, தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.